வடக்கு வெளிச்சம்

அமிர்தி அருவியில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.
தண்ணீர் வந்துபோன கறை மட்டும் பாறையில்.
டிக்கெட் காசு வீண் என்றான் மச்சான் ஷஃபாத்.
நிழல் பார்த்து உட்கார்ந்து
பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

நான் பேரணாம்பட்டில் தோலுக்கு ரகம் பிரிப்பவன்.
பத்தொன்பது வருடம்.
என் மேசை வடக்கு ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது,
நேர்வெயில் பட்டால் தோல் பொய் சொல்லும்.
ஆட்டுத்தோலை விரித்துப் போட்டால்
அந்த ஆடு எந்த முள்வேலியில் உரசியது,
எத்தனை உண்ணி கடித்தது,
எந்தத் தொடையில் சூடு போட்டார்கள்,
எல்லாம் சொல்வேன்.
மற்றதை யாரும் கேட்பதில்லை.

பாறையிடுக்கில் ஒரு மஞ்சள்.
எல்லைக்குறியாக வனத்துறை அடித்த பெயிண்ட்
என்றுதான் நினைத்தேன்.
பெயிண்ட்
தன் கண்ணைத் தானே நக்கிக்கொண்டது.

காவலர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்.
"இன்னா சார், பல்லிக்கா கூப்ட்டீங்கோ"
என்று ஏறி வந்தவர் பாதியில் நின்றார்.
ரப்பர் செருப்பைக் கழற்றினார்.
ஏன் கழற்றினோம் என்று விளங்காமல்
திரும்ப மாட்டிக்கொண்டார்.
"பன்னெண்டு வருசமா இந்தப் பாற மேல குந்தித்தான்
சோறு துன்றேன்.
இத்தினி நாளு எங்க இருந்துச்சு இது?"

பல்லி தொண்டையைத் திறந்து
பூட்டில் சாவி சிக்கிய மாதிரி
நாலு தரம் சத்தம் போட்டது.

"எங்க வூட்டுல காஞ்சிபுரம் போயி,
வரிசையில நின்னு,
தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்தாங்கோ.
அது தகடு சார்."
கையை நீட்டப் போனார்.
பிறகு அந்தக் கையைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்,
பத்திரமாக.

பழக்கம் விடுமா, தலையைச் சாய்த்து
வடக்கு எது என்று தேடினேன்.
கழுத்து: பொடிமணல்.
முதுகு: பழுதில்லை.
வால்: நடுவில் ஒட்டு,
அறுந்து முளைத்தது, நிறம் ஒரு சாயல் மட்டம்.
வாலுக்காக மூன்றாம் ரகம்
என்று வாய் முந்திக்கொண்டது.
ஒரு சாண்கூடத் தேறாது,
கடிகார வாருக்கும் காணாது
என்று உள்ளே எவனோ அளந்துகொண்டிருந்தான்.
அப்போதுதான் விலாப்பக்கம் உப்பி
அடங்கியது.
மறுபடி உப்பியது.
பத்தொன்பது வருடத்தில் ஒரு தோல்
உள்ளிருந்து அசைந்து நான் பார்த்ததில்லை.

இடுக்கின் கூரையில் வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்,
பாறையோடு ஒட்டிய சட்டைப் பொத்தான்கள்.
பொரிந்துபோன பழைய வட்டங்களின் மேல் புதியவை,
அவற்றின் ஓரத்தில் இன்னும் பழையவை.
முனிரத்தினம் எண்ணத் தொடங்கி
முப்பத்தொன்றில் விட்டுவிட்டார்.

பதிவேட்டைப் பிரித்தார்.
மான், மயில், குரங்கு, மலைப்பாம்பு,
கடைசியாக 'இதர'.
அதில் எழுதினார்: மஞ்சள் பல்லி, 1.
பார்த்தவர்: இம்தாதுல்லா, தோல் ஷாப்.
இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"எழுதினா நாளைக்கே நாலு பேரு
கடப்பாரையோட வருவான் சார்.
தங்கம்னு ஒரு வார்த்த போதும்."
யோசித்தார், பேனாவை உதறினார்,
எழுதினார்:
உள்ளே.

ஷஃபாத் கை கழுவிவிட்டு
போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது
நாலு சதவீதம் சார்ஜ், ஒரு கிளிக்,
பாறையில் வெறும் பாறை.

திங்கட்கிழமை மேசையில் முதல் தோல்.
உள்ளங்கையை அதன் விலாவில் வைத்து
கொஞ்சம் காத்திருந்தேன்.
"இன்னா பாய், தூங்கிட்டியா?" என்றார் மேஸ்திரி.
ஈரம். குளிர்.
இரண்டாம் ரகம் என்றேன்.

படத்தில் விழுந்தது
ஒரு மஞ்சள் தீற்றலும்
ஷஃபாத்தின் கட்டைவிரலும்தான்.
இன்னும் அழிக்கவில்லை அவன்.
யாராவது கேட்டால் காட்டுகிறான்,
அந்த விரலைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப்
பார்க்கச் சொல்கிறான்.